சங்கத்துக்கொரு மூளை

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறுகிற தார் ரோடு, தாரை மறந்துபோகும் இடத்தில் கொய்யாத்தோட்டம் தொடங்குகிறது. தினமும் தேயிலைக் கொழுந்து கொய்கிற தோட்டத்துக்கு இப்படியொரு பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் இங்கே கொய்யா மரம் நின்றது என்று பழைய தொழிற்சங்கம் சொன்னது. ஆகவே, நிற்கவில்லை என்று புதிய சங்கம் சொன்னது.

புதிய சங்கம் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் அது புதிய சங்கந்தான். இரண்டு சங்கங்களுக்கும் இடையில் ஒரேயொரு சட்டம் இருந்தது: தோட்டத்துக்குள் எது வந்தாலும் சரிபாதி. திருவிழாவில் ஒரு லவுட்ஸ்பீக்கர் மேல் லயத்து வீட்டு வரிசையைப் பார்த்தால் இன்னொன்று கீழ் லயத்தைப் பார்க்கும். யாரோ புண்ணியவான்கள் ஒரு தையல் மிசின் அன்பளிப்புச் செய்தபோது, மிசின் பழைய சங்கத்துக்கும் மிதிகட்டை புதிய சங்கத்துக்கும் என்று நியாயமாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டும் இன்றுவரை எந்தப் பழுதுமில்லாமல் இருக்கின்றன.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் பழைய சங்கத்துத் தலைவர் நல்லையா. பெரிய கங்காணி. ஐம்பத்தேழு வயது. அவர் பேச மைக் தேவையில்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று கூப்பிட்டால் அடுத்த தோட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வருடத் தைப்பொங்கலுக்குப் பிறகு அவருக்கு ஓர் இரகசியம் உண்டாகியிருந்தது. இடது கை சும்மா இருக்கும்போது, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் அவரைக் கேட்காமலே ஒன்றையொன்று உருட்டத் தொடங்கின, வெற்றிலைக்குப் புகையிலை உருட்டுகிற மாதிரி. எதையாவது பிடித்தால் நின்றுவிடும். ஆகவே அவர் எந்நேரமும் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கங்காணிக்குக் குடை அழகு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவருக்குப் பயம் நோயில் அல்ல, செல்லையாவில். செல்லையா புதிய சங்கத்து ஆள். இரண்டு கையும் ஆடும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் வாய்க்குப் போவதைவிட வேட்டிக்குப் போவது அதிகம். போன மேதினக் கூட்டத்தில் நல்லையா மேடையில் நின்று, "அவங்க கொள்கை மாதிரியே ஆடுது, அவங்க உறுப்பினர் கையும்" என்று சொல்லி, விசிலோடு கைதட்டு வாங்கியிருந்தார். இப்போது தன் கை வெளியே தெரிந்தால் தலைவர் பதவி அன்றைக்கே போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அவர் பேச்சைத் திருப்பி அவருக்கே படிப்பார்கள், அதுவும் லவுட்ஸ்பீக்கரில், இரண்டு பக்கமும் பார்த்து.

இந்த நிலையில்தான் டொக்டர் தனுஜா வந்து சேர்ந்தார்.

அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. போர்நிறுத்தம். வீதித்தடையில் நின்ற பொலிஸார் கொட்டாவி விட்டபடி வாகனங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் தனுஜா யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, கொழும்பில் ஆராய்ச்சி செய்கிறவர். மனித மூளையில் டோபமினை உறிஞ்சும் இடங்களை எண்ணுவது அவருடைய தொழில். நடுக்கம் உள்ள, ஆனால் இதுவரை மருந்தே தொடாத ஓர் ஆள் வேண்டுமென்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்தில் மருந்தே தொடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தோட்டத்து மருந்துச்சாலை சுஜன் ஐயா ஏதோ பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டு சங்கமும் இரண்டு பக்கம் உட்கார்ந்தது.

"மூளைக்குள்ள ஒரு நரம்பு மற்ற நரம்புக்குச் சேதி சொல்ல டோபமின் எண்டொரு சாமானை ஊத்தும்" என்றார் டொக்டர். "சொல்லி முடிஞ்ச உடன அதைத் திருப்பி உறிஞ்சி உள்ள எடுக்கோணும். அந்த உறிஞ்சுற வாசல்கள் எத்தினை இருக்கெண்டுதான் நாங்கள் பாக்கிறம். ஒருவகை நடுக்க வருத்தத்தில அந்த வாசல்கள் குறைஞ்சுகொண்டு போகும். விளங்குதோ?"

புதிய சங்கத்துத் தலைவர் நாகலிங்கம் எழுந்தார். ஒல்லியான மனிதர். சந்தேகப்படுவதற்கென்றே புருவத்தைப் பெற்றவர்.

"மடுவம் மாதிரிங்களா, டொக்டரம்மா? கொழுந்தக் கொண்டாந்து கொட்டுறோம். நிறுத்து உள்ள எடுத்துக்கிறாங்க. மடுவம் கொறஞ்சா வேல கெட்டுப்போயிரும்."

"ஓரளவுக்கு அப்பிடித்தான்" என்று டொக்டர் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

"அப்ப செல்லையா மண்டைக்குள்ள மடுவத்த மூடுறது யாரு?"

"ஒருத்தரும் மூடுறேல்லை. தானா மூடுது."

"தானா எந்த மடுவமும் மூடாதுங்க. நிர்வாகந்தான் மூடும்."

புதிய சங்கம் கைதட்டியது. செல்லையாவின் மண்டைக்குள் மூடப்பட்ட மடுவங்கள் அனைத்தையும் உடனடியாகத் திறக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தார்கள். இதை எதிர்த்தால் தொழிலாளர் விரோதி ஆகிவிடுவோம் என்று புரிந்துகொண்ட பழைய சங்கத்துச் செயலாளர் பிரதீபன், 'அனைத்து உறுப்பினர்களின் மண்டைக்குள்ளும்' என்று ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து சமாளித்தான். பிரதீபன் இருபத்தாறு வயது இளைஞன். தலைவர் தும்மினால்கூட அதில் ஒரு கோரிக்கை இருக்கும் என்று நம்புகிறவன்.

டொக்டர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு ஆளும் வேணும். ஒத்துப் பாக்கிறதுக்கு. செல்லையாவின்ர வயசு, ஆனா சுகதேகி. நோர்மலான ஆள்."

நல்லையாவுக்கு இரத்தம் சூடாகியது. இத்தனை வருட அரசியல் சும்மா விடுமா? எழுந்து, வழக்கமான குரலில், "வியாதி புதிய சங்கத்துக்குப் போயிருச்சு. சரிபாதி சட்டப்படி நோர்மல் எங்களுக்கு!" என்றார். தொட்டிலில் மிச்சமிருந்த ஒரு குழந்தை எழுந்து அழுதது. பழைய சங்கம் ஆரவாரித்தது. உட்கார்ந்து, வெற்றியை அனுபவித்துக்கொண்டிருந்தபோதுதான், பழைய சங்கத்தில் அந்த வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பின்னால் பேசிக்கொள்வது அவர் காதில் விழுந்தது. ஒருவருக்குச் சீனி. ஒருவருக்குப் பிரசர். ஒருவர் காலையிலேயே குடிப்பவர். இன்னொருவர் சந்தா ஒழுங்காகக் கட்டிவந்தாலும் இறந்து மூன்று வருடமாகிறது.

"தலைவர்தான் நோர்மல்!" என்று பிரதீபன் கத்தினான்.

"தலைவரே நோர்மல்! தலைவரே நோர்மல்!" என்று கூரை அதிர்ந்தது.

நாகலிங்கம் புருவத்தை உயர்த்தினார். "அப்ப எங்க ஆளுகள்லாம் நோர்மல் இல்லேங்கிறீங்களா? வேணும்னா வியாதிய நீங்க எடுத்துக்குங்க. நோர்மல நாங்க எடுத்துக்கிறோம்."

அந்த ஒரு வினாடி, உலகத்திலேயே மிகச் சரியான யோசனை அதுதான் என்று நல்லையாவுக்குத் தெரிந்தது. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரு அடி விட்டுக் குடுக்க மாட்டோம்" என்றார்.

மறுநாள் மருந்துச்சாலையில் அவரைச் சோதித்தார்கள். சோதனையில் அநியாயம் நடக்காமல் பார்க்க இரண்டு சங்கத்துக் கமிட்டியும் உள்ளே நின்றது. டொக்டர் நிற்க இடமில்லாமல் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டார். மழை. அவர் காலில் ஓர் அட்டை வேறு ஏறியிருந்தது.

"ஐயா, குடையைக் கீழ வச்சிட்டு ரெண்டு கையையும் மடியில வையுங்கோ."

நல்லையா வாயைத் திறப்பதற்குள் பிரதீபன் முந்திக்கொண்டான். "டொக்டரம்மா, எங்க தலைவரு தொர முன்னுக்கே குடைய வச்சதில்ல. அது எங்க சங்கத்து மானம்."

"எங்க தலைவரும் வைக்க மாட்டாரு" என்று புதிய சங்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நாகலிங்கத்திடம் குடையே இல்லை. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மானம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டியிருந்தது.

டொக்டர் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, வலது கையை மட்டும் பார்த்தார். நடக்கச் சொன்னார். நான்கு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிட்டது. எழுதிக்கொண்டார். நல்லையா நோர்மலானார்.

கொழும்புக்கு வேன் போனது. ஒரு சங்கத்துக்கு ஒரு காவல் ஆள். முதல்நாளே இருவருக்கும் கசப்பாக ஏதோ அயடின் துளி கொடுத்திருந்தார்கள். கழுத்துச் சுரப்பியைக் காக்கவாம். செல்லையா வழிநெடுகச் சந்தோஷமாக இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் நடுக்கத்தைப் பார்க்க ஒரு வேன் வந்திருக்கிறது.

"ஒரு விசயம் டொக்டரம்மா" என்றார் அவிசாவளை தாண்டும்போது. "ரெண்டு மிடறு சாராயம் உள்ள போச்சுன்னா எனக்குக் கை அப்படியே நின்னுரும். செல மாதிரி."

டொக்டர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை வந்து, உட்கார்ந்து, எழுந்து போனது. ஆனால் மருந்து அன்று காலையே விமானத்தில் வந்து இறங்கிவிட்டது. அது அரை நாளில் பாதியாகக் கரைந்துவிடுகிற சாமான். யோசிக்கக் காத்திருக்காது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் ஊசி போட்டார்கள். அந்த மருந்து மூளைக்குள் போய், டோபமின் உறிஞ்சும் வாசல்களில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசும்; மிசின் அதைப் படம் பிடிக்கும். மூன்று மணித்தியாலம் காத்திருந்தார்கள். பிறகு நல்லையாவை ஒரு ஒடுங்கிய கட்டிலில் படுக்கவைத்து, தலையைப் பட்டியால் கட்டினார்கள். குடையை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். இரண்டு பெரிய இரும்புத் தலைகள் அவர் தலையைச் சுற்றி, கொழுந்துக் கணக்கு பார்க்கும் கணக்கப்பிள்ளைகள் போல, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தன. அவர் நெற்றி அசையவில்லை. போர்வைக்குக் கீழே இடது கை மட்டும் புகையிலை உருட்டிக்கொண்டிருந்தது.

மிசின் தம்பி எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். "அங்கிள், அத ஹொல்லன்ன எபா."

"ஹரி மஹத்தயா" என்றார் நல்லையா. கையை ஆட்டாதே என்று கைக்குச் சொன்னார். கை வேறு சங்கத்தைச் சேர்ந்தது போலிருந்தது.

ஒரு மாதம் கழித்து டொக்டர் படங்களோடு வந்தார். ஒவ்வொருவராகத்தான் பேசுவேன், கமிட்டி உள்ளே வரக்கூடாது என்று இந்த முறை கதவைச் சாத்திவிட்டார். இரண்டு கமிட்டியும் வெளியே நின்று சாவித் துவாரத்தை முறைவைத்துப் பார்த்தது. டொக்டரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல மூளையில, அந்த வாசல்கள் நிறைஞ்ச இடம் ரெண்டு கஜு, முந்திரிக் கொட்டை மாதிரிப் பளிச்செண்டு எரியும். அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு" என்றார் டொக்டர். "இது உங்கட."

நல்லையா பார்த்தார். ஒரு பக்கத்தில் அணில் கடித்த கஜு. மற்றப் பக்கத்தில் கஜுவே இல்லை, மிளகு.

"இது என்னோடது இல்லீங்க."

"உங்கட பேர்தான் கிடக்கு, ஐயா. குடையை வையுங்கோ."

மானம் காக்கப் பிரதீபன் அருகில் இல்லை. நல்லையா குடையை மேசையில் வைத்தார். முழங்கால் மேல் கிடந்த கை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கியது. யாரோ வீட்டுப் பிள்ளை முற்றத்தில் விளையாடுவதைப் பார்ப்பதுபோல் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ. குளிசை இருக்கு. வாற திங்கக்கிழமை கொண்டுவாறன். குடிச்சா கை அடங்கும், நடமாட்டம் லேசாகும். குடிக்காட்டி இப்பவே நடை சுருங்கத் தொடங்கும். குரலும் இறங்கிப்போகும்."

"குரலுமா?"

"ஓம். மெல்ல மெல்ல."

நல்லையா அதுவரை பதவியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தார். குரல் போனால் பதவி இருந்தும் என்ன? இரகசியமாகப் பேசுகிற தலைவரை யார் நம்புவார்கள்?

"ஆருக்கும் நான் சொல்ல மாட்டன். அது உங்கட விசயம்" என்று படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார் டொக்டர்.

கொய்யாத்தோட்டத்தில் ஒருவருக்கு மட்டும் சொந்தமான விஷயம் என்று ஒன்று இருக்கும் என்று நம்பியது டொக்டரின் படிப்புக் குறைபாடு. அன்று சாயந்திரமே செல்லையாவின் படத்தைப் புதிய சங்கம் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டியது, எங்கள் வியாதியைப் பாருங்கள் என்று. தலைவருடைய ஆரோக்கியம் மட்டும் உறைக்குள் கிடக்கலாமா? பிரதீபன் வீட்டுக்கு ஓடி, "மாமி, தலைவரோட மூளையக் கொஞ்சம் குடுங்க" என்று நல்லையாவின் மனைவி சுப்பம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். சுப்பம்மா அது சம்பளத் துண்டு வகையென்று நினைத்துக் கொடுத்துவிட்டாள்.

கஜுக் கதை மட்டும் அதற்குள் சாவித் துவாரம் வழியாக எல்லா லயத்துக்கும் போயிருந்தது. சனங்கள் பார்த்தார்கள். செல்லையாவுக்கு இரண்டு முழுக் கஜு. தலைவருக்கு ஒரு கடித்த கஜுவும் ஒரு மிளகும்.

சிலர் கிட்டப் போய் அடியிலிருந்த பெயர்களைப் படித்தார்கள். பிறகு நாகலிங்கம், "படம் மாறிப்போச்சு" என்றார்.

"ஆமாங்க, மாறித்தான் போச்சு" என்றான் பிரதீபன்.

சரிபாதிச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு சங்கங்களும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. கோயில் பூசாரி மணி அடித்தார் என்றுகூடச் சொல்கிறார்கள்.

மறுநாள் செல்லையா நல்லையா வீட்டுக்கு வந்தார். சுப்பம்மா கொடுத்த தேத்தண்ணியில் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு, மீதியைக் குடித்துவிட்டு, கண்கலங்கினார்.

"தலைவரே, எனக்கு அந்த வியாதி இல்லையாம். இது சாராயத்துக்கு நிக்கிற வேற நடுக்கமாம். பரம்பரையில வாறதாம். ஆபத்தில்லையாம்னு டொக்டரம்மா சொல்லிருச்சு."

"நல்லதுதானே?"

"என்னத்த நல்லது? ஆபத்தில்லாத வியாதிக்கு எந்தத் தொர லேசான வேல குடுப்பாரு? மடுவத்துல சாக்கு எண்ணிக்கிட்டுக் குந்தியிருக்கேன். திரும்ப மலைக்கு அனுப்பிருவானுங்க." கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "சனந்தான் படம் மாறிருச்சுங்குதே. அப்படியே மாறிருச்சுன்னு வச்சுக்குவோமா? மிளக எனக்குக் குடுத்துருங்க. கஜுவ நீங்க வச்சுக்குங்க. உங்களுக்கும் மானம் போகாது."

நல்லையாவுக்கு எழுந்து அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிறகு ஞாபகம் வந்தது. "திங்கக்கிழம மாத்திர வருமே?"

"அதையும் நானே குடிச்சிர்றேன் தலைவரே. எனக்கென்ன கஷ்டம்?"

அடுப்படியிலிருந்து சுப்பம்மாவின் குரல் வந்தது. "அவரு மாத்திரய அவரு குடிக்கட்டும், அண்ணே. நீங்க கோப்பையக் கழுவி வச்சிட்டுப் போங்க."

செல்லையா போன பிறகு நல்லையா உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மாசியிலேயே தெரியும். மாரியாத்தாவக் குடையோட கும்புடுற மனுசன உலகத்துல யாராச்சும் பாத்திருக்காங்களா? மழகூட இல்ல." அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தலைவரு பதவி போனாப் போவுது. எனக்கு இந்த வீட்டுல யாராச்சும் சத்தமாப் பேசிக்கிட்டு இருக்கணும். பழகிப்போச்சு."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூட்டம். எந்தச் சங்கத்திலும் இல்லாதவர் என்பதால் சுஜன் ஐயா தலைமை தாங்கினார். பாவம், இரண்டு சங்கமும் சம்மதிக்காமல் ஒரு பனடோல்கூடக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். தீர்மானத்தைப் படித்தார்: படங்கள் தவறுதலாக மாறிவிட்டன. இரண்டு கஜுவும் தலைவர் நல்லையாவுடையவை. மிளகு செல்லையாவினுடையது. நாளை வரும் மாத்திரைகள் செல்லையாவுக்கே.

"ஆதரவானவங்க கையத் தூக்குங்க."

இரண்டு பக்கமும் கைகள் மேலே போயின. ஆடிக்கொண்டிருந்த செல்லையாவின் கையையும் சேர்த்துத்தான்.

"எதிரானவங்க?" என்று சுஜன் ஐயா சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டுத் தாளை மடிக்கத் தொடங்கினார்.

நல்லையா எழுந்து நின்றார். வலது கையைத் தூக்கியிருக்கலாம். அதற்கு எந்தக் குறையுமில்லை. தூக்கி, இறக்கி, ஜனநாயகக் கடமையை முடித்துவிட்டு, ஏன் எதிர்த்தீர்கள் என்று கேட்டால் ஏதாவது தத்துவம் சொல்லித் தப்பியிருக்கலாம். அவர் இடது கையைத் தூக்கினார்.

கை மரம் போல நின்றது. அதன் குணமே அதுதான். தூக்கின உடனே ஒழுங்கான பிள்ளை மாதிரி இருக்கும்.

"தலைவரே, என்ன இது? கையை இறக்குங்க" என்று பதறினான் பிரதீபன்.

நாகலிங்கம் எழுந்தார். "தலைமை ஐயா, ஒழுங்குப் பிரச்சின! அது பீச்சாங்கை. பீச்சாங்கையால வோட்டுப் போடுறது சபைக்கு அவமரியாத."

"சட்டத்துல அப்படி இல்ல" என்றது ஒரு குரல்.

"சட்டத்துல இல்லேன்னா பீச்சாங்கையால சோறு போடுவியா?"

"சோறும் வோட்டும் ஒண்ணா?"

சுஜன் ஐயா யோசித்தார். இடது கை வோட்டு முழு வோட்டா, அரை வோட்டா என்பது பற்றி இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்தது. யாரோ கோயில் வழக்கத்தைச் சொன்னார். யாரோ கிரிக்கெட்டைச் சொன்னார். நல்லையா கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. இறக்கினால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நாளைக்கு வரும் மாத்திரை செல்லையாவின் வயிற்றுக்குள் போய் ஒரு வேலையும் இல்லாமல் குந்தியிருக்கும். அவர் இறக்கவில்லை. வாதம் கிரிக்கெட்டிலிருந்து திரும்பி வருவதற்குள், நிமிர்ந்து நின்ற கையில் பெருவிரல் மெல்ல அசைந்தது. பிறகு ஆட்காட்டி விரல். பிறகு மணிக்கட்டு. பிள்ளைக்காம்பரா முழுவதற்கும் தெரியும்படி, உயரத்தில், கை புகையிலை உருட்டத் தொடங்கியது.

வாதம் நின்றது.

"மிளகு என்னோடதுதான்" என்றார் நல்லையா. மைக் இல்லாமலே.

முதலில் வாயைத் திறந்தது நாகலிங்கம். "நடிக்கிறாரு! எங்க வியாதியப் பறிக்கிறதுக்கு நடிக்கிறாரு! இத்தன வருசமா எங்க ஆளு பட்ட கஷ்டம்..."

"நடிப்பா இல்லையான்னு செல்லையாவ விட்டுப் பாப்போம்" என்றார் யாரோ. இதில் அவரைவிடத் தேர்ந்த ஆள் தோட்டத்தில் இல்லை. செல்லையா முன்னால் வந்து, தலையைச் சாய்த்து, அந்தக் கையை மேலும் கீழும் பார்த்தார். தன் கையை நீட்டிப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். அவர் கை வேகமாக உதறியது. நல்லையாவின் கை நிதானமாக உருட்டியது.

"என்னோட ஆட்டம் வேற, இவரு ஆட்டம் வேற" என்று கடைசியில் சொன்னார். அவர் முகத்தில் வேலை போன ஆளின் துக்கம் இருந்தது. "இதுல கள்ளமில்ல. எனக்கே இப்படி வராது."

பிரதீபன் தொட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதான். "போச்சு. நம்ம நோர்மல் போச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நாகலிங்கத்தின் புருவம் இரண்டும் இதுவரை போகாத உயரத்துக்குப் போயின. "இருங்க, இருங்க. படம் மாறலேன்னா, அந்த ரெண்டு கஜுவும் செல்லையாவோடதா?"

"ஆமா" என்றார் சுஜன் ஐயா.

"அப்ப இந்தத் தோட்டத்துலேயே மிசினால பாத்து, நல்லதுன்னு முடிவான ஒரே மூள எங்க சங்கத்து மூளயா?"

புதிய சங்கம் ஒரு கணம் மூச்சை இழுத்தது. பிறகு கூரை மீண்டும் அதிர்ந்தது. செல்லையாவைத் தோளில் தூக்கினார்கள். நிறைவேறிய தீர்மானம் ஒரு நிமிடத்தில் வாபஸ் ஆனது. தோட்டத்தின் ஒரே உறுதிசெய்யப்பட்ட மூளையை மலையில் வெயிலிலும் மழையிலும் அலையவிட முடியாது. ஆகவே செல்லையா தொடர்ந்து மடுவத்திலேயே குந்தியிருக்க வேண்டும் என்று புதிய தீர்மானம் வந்தது. தோளில் ஆடியபடி செல்லையா இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தார். பழைய சங்கமும், தலைவரைத் தலைவராகவே வைத்துக்கொள்வதென்று, வேறு யாருக்கும் அவ்வளவு சத்தம் இல்லாத காரணத்தால், முடிவு செய்தது.

மாத்திரை மட்டும் பாக்கி இருந்தது. மாத்திரை நல்லையாவுக்கு என்றால் புதிய சங்கத்துக்கு என்ன என்று நாகலிங்கம் கேட்டார். பாதியை உடைத்துத் தரச் சொன்னார். திங்கட்கிழமை வந்த டொக்டர் தனுஜா, சுகமாக இருக்கிற ஆளுக்கு அரைக் குளிசையும் தரமாட்டேன் என்று முதல்முறையாகக் கத்தினார். நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை. டொக்டர் இரண்டு தடவை வேனில் ஏறி, இரண்டு தடவை இறங்கினார். கடைசியில் சரிபாதிச் சட்டத்துக்குப் பங்கமில்லாமல் ஓர் இணக்கம் ஏற்பட்டது: மாத்திரை பழைய சங்கத்தினுடையது. அதைக் குடிக்கிற தண்ணி புதிய சங்கத்தினுடையது.

அன்றிலிருந்து தினமும் காலையில் பெரட்டு கலைந்ததும், புதிய சங்கத்தின் சார்பில் செல்லையா ஒரு டம்ளர் தண்ணியோடு மேல் லயத்துக்கு ஏறுவார். நிறைய ஊற்றிக்கொண்டுதான் புறப்படுவார். படியில் கொஞ்சம், வாய்க்கால் பாலத்தில் கொஞ்சம், சட்டையில் கொஞ்சம். நல்லையா வாசலில் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த நிலையில் அவருக்குச் சத்தம் போட முடியாது. டம்ளர் கைமாறும்போது இன்னும் கொஞ்சம் சிந்தும்.

"இன்னிக்கு எவ்வளவு மிஞ்சுச்சு?" என்று உள்ளேயிருந்து சுப்பம்மா கேட்பாள்.

"ஒரு மிடறு" என்பார் செல்லையா.

ஒரு மாத்திரைக்கு ஒரு மிடறு போதும்.